டீசரைப் பார்த்த எல்லாரும் ‘சூப்பர்’ என்கிறார்கள், இந்தக் கருத்தை வைத்து என்ன செய்வது?

ஈரக்குடை
வணக்கம். படிப்பின் பகுதியாக ஒரு குறும்படம் எடுத்து முடித்துவிட்டோம், நான்கு பேர் குழு. அடுத்து அந்தப் படத்துக்கு விளம்பரத் தொகுப்பு செய்ய வேண்டும், அதாவது ஒரு நிமிட டீசர், போஸ்டர், படத்துக்கென்று ஒரு சமூக ஊடகப் பக்கம். கூடவே பார்வையாளர் கருத்தை எப்படி வாங்கினோம், அதனால் எது மாறியது என்று ஓர் அறிக்கையும் தர வேண்டும். மதிப்பெண்ணில் கணிசமான பங்கு அதற்குத்தான்.

கதை இது: இறந்துபோன தாத்தாவின் டேப் ரிக்கார்டர் பேத்தி கைக்கு வருகிறது. கேசட்டுகளில் அவர் யாரிடமோ பேசிக்கொண்டே இருக்கிறார், ஆனால் எதிரில் இருப்பவரின் குரல் மட்டும் கேட்பதில்லை. அது யார் என்பதுதான் படம். பேய் கிடையாது, கொலை கிடையாது, கடைசியில் தெரியவருவது ஒரு குடும்ப விஷயம்.

டீசரின் ஃபர்ஸ்ட் கட், அதாவது முதல் எடிட்டையும், போஸ்டரையும் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டு கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். வந்ததில் முக்கால்வாசி ‘சூப்பர்’, ‘செம’, ‘வேற லெவல்’, நெருப்பு எமோஜி. மீதிப் பேர் ஒருவருக்கொருவர் நேர் எதிர். இசை காதைக் கிழிக்கிறது என்று ஒருவர், இசையே இல்லையே என்று இன்னொருவர். போஸ்டரிலேயே கதை தெரிந்துவிடுகிறது என்கிறார் ஒருவர், போஸ்டர் என்ன சொல்ல வருகிறது என்றே புரியவில்லை என்கிறார் அடுத்தவர். பேயின் முகத்தை ஒரு நொடி காட்டலாமே என்று வேறு இரண்டு மூன்று பேர். குழுவில் ஆளாளுக்குத் தனக்குச் சாதகமான பதிலைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். எதை எடுப்பது, எதை விடுவது?

எடிட்_மேசை
ஃபார்மில் என்ன கேட்டீர்கள்? கேள்விகளை அப்படியே இங்கே போடுங்கள். பதிலைப் பிறகு பார்க்கலாம்.

ஈரக்குடை
நான்குதான் அண்ணா. டீசர் பிடித்ததா (1 முதல் 5 வரை), இசை பொருத்தமாக இருந்ததா, போஸ்டர் படத்தைப் பார்க்கத் தூண்டுகிறதா, வேறு ஆலோசனைகள்.

எடிட்_மேசை
அண்ணா இல்லை, அக்கா. சரி, விஷயத்துக்கு வருவோம்.

‘பிடித்ததா’ என்று தெரிந்தவர்களிடம் கேட்டால் ‘பிடித்தது’ என்றுதான் வரும், உங்கள் முகத்துக்காகச் சொல்வார்கள். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வெளியீட்டுக்கு முன் நடத்தும் சோதனைத் திரையிடலில் முன்பின் தெரியாத ஆட்களைக் கூப்பிட்டுத்தான் கருத்து எழுதும் அட்டை கொடுப்பார்கள், அப்போதும் அந்த மரியாதைப் பதிலை நம்புவதில்லை. மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று ஐந்து கட்டம் இருந்தால் மேலே உள்ள இரண்டு கட்டத்தை மட்டும்தான் கூட்டிப் பார்ப்பார்கள். வெறும் ‘நன்று’ கணக்கிலேயே வராது. அதைவிட அவர்கள் உற்றுப் பார்க்கும் கேள்வி, இதை இன்னொருவரிடம் நிச்சயம் பரிந்துரைப்பீர்களா என்பது.

உங்களுக்கு அந்த அளவுக்குக் கூட வேண்டாம். டீசரைப் போட்டுக் காட்டி, மூடிவிட்டு, ஒரே ஒரு கேள்வி: “இந்தப் படத்தில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்.” அவ்வளவுதான். அவர்கள் சொல்லும் கதையை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்ல நினைத்த கதைக்கும் அவர்கள் சொல்கிற கதைக்கும் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். பேயின் முகத்தைக் காட்டச் சொன்னார்கள் இல்லையா, உங்களுக்கு வந்ததிலேயே உருப்படியான கருத்து அதுதான். அந்த ஆலோசனையைத் தூக்கிப் போடுங்கள், ஆனால் அவர்களுக்கு அதில் பேய் எங்கே தெரிந்தது என்று தேடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு டீசரை ஓர் ஆள் முதல்முறையாகப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். ஃபர்ஸ்ட் கட்டையே எல்லாக் குழுக்களிலும் போட்டுவிட்டால், திருத்திய பதிப்பைக் காட்ட ஆள் இருக்காது, ஏற்கெனவே பார்த்தவர் “முன்னைவிட நன்றாக இருக்கிறது” என்பார், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அவருக்குக் கதை தெரியும். ஆட்களை மூன்று நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பதிப்புக்கும் புது ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலரைக் கடைசிப் பதிப்பு வரைக்கும் தொடவே தொடாதீர்கள்.

கடைசி_வரிசை
குழுவில் ஒருவரின் தம்பியை ஒரு மாதம் பூட்டி வைக்கச் சொல்கிறீர்கள், புரிகிறது 😂

ஒலிப்பெட்டி
இசை காதைக் கிழிக்கிறது, இசையே இல்லை, இந்த இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எதில் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் டீசரில் அடியில் ஓடுவது ஆழமான ‘ஊம்ம்ம்’ என்கிற பேஸ் ஒலியாக இருந்தால், கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த அதிர்வெண் பெரும்பாலும் வெளியே வராது, அவர்களுக்கு அது மௌனம். அதையே ஹெட்போனில் கேட்டவருக்கு மண்டைக்குள் இடி.

செய்ய வேண்டியது: அந்தப் பேஸை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள், அதற்கு மேலே அதே சுருதியில் நடு அதிர்வெண்ணில் இன்னொரு அடுக்கு சேருங்கள், லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் எஃபெக்ட்) போட்டாலும் மேல் ஹார்மோனிக்ஸ், அதாவது அடிச்சுருதியின் மடங்கான உயர்ந்த அதிர்வெண்கள் வரும். அப்போது கைபேசியில் அடிச்சுருதி கேட்காவிட்டாலும் காது அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். பிறகு லேப்டாப், கைபேசி, ஹெட்போன் மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள்.

ஃபார்மில் “எதில் பார்த்தீர்கள், ஹெட்போன் போட்டிருந்தீர்களா” என்ற கேள்வி இல்லாமல் ஒலி பற்றி வரும் எந்தப் பதிலையும் நம்பாதீர்கள். நிறையப் பேர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், அவர்களையும் கேளுங்கள். உங்கள் கதையே குரலை வைத்துத்தான் என்பதால், ஒலி இல்லாமல் பார்ப்பவருக்கு அந்த டீசர் டேப் ரிக்கார்டர் விளம்பரம் மாதிரி இருக்கும். எழுத்தில் வசனம் வர வேண்டும்.

தனிவழி
எல்லாரும் கருத்து கேளு கருத்து கேளு என்கிறீர்கள். கேட்டுக் கேட்டு செய்தால் கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒன்றுதான் மிஞ்சும். ‘ஸ்னேக்ஸ் ஆன் எ ப்ளேன்’ (விமானத்தில் பாம்புகள்) என்று 2006-இல் ஒரு படம். தலைப்பைக் கேட்டே இணையத்தில் அவ்வளவு கொண்டாட்டம், ரசிகர்கள் ஆசைப்பட்டதற்காகக் கூடுதல் காட்சிகளே எடுத்துச் சேர்த்தார்கள். படம் வந்தபோது வசூல் அந்த ஆரவாரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. படம் உங்களுடையது, நீங்களே முடிவு செய்யுங்கள்.

எடிட்_மேசை
> ரசிகர்கள் ஆசைப்பட்டதற்காகக் கூடுதல் காட்சிகளே எடுத்துச் சேர்த்தார்கள்

இது யாரிடம் கேட்டார்கள் என்ற பிரச்சினை. தலைப்பை வைத்து மீம் போட்டவர்களுக்கு அந்தக் கேலியே போதுமானதாக இருந்தது, அவர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்குவார்கள் என்று எடுத்துக்கொண்டது தயாரிப்பாளர்களின் கணக்கு.

எதிர்ப்பக்கம், வீடியோ கேம் பாத்திரத்தை வைத்து எடுத்த ‘சோனிக்’ படத்தைப் பாருங்கள். 2019 ஏப்ரல் கடைசியில் முதல் ட்ரெய்லர் வந்ததும் அந்தப் பாத்திரத்தின் பல்லையும் கண்ணையும் பார்த்து ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். சில நாளிலேயே இயக்குநர் ஜெஃப் ஃபவ்லர் மாற்றுகிறோம் என்று அறிவித்தார், நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது, வந்து நன்றாகவே ஓடியது. கவனிக்க வேண்டியது, “இது எங்களுக்குத் தெரிந்த சோனிக் இல்லை” என்பது மட்டும்தான் ரசிகர்களிடமிருந்து வந்த சேதி. எப்படி வரைய வேண்டும் என்பதை ஓவியர்கள்தான் முடிவு செய்தார்கள்.

தனிவழி
அவர்களிடம் பணம் இருக்கிறது, தள்ளிப் போட்டார்கள். இவர்களுக்குச் சமர்ப்பிக்கும் தேதி தள்ளிப்போகுமா?

எடிட்_மேசை
தள்ளிப்போகாது. அதனால்தான் பென்சிலில் வரைந்த போஸ்டரையும், இசை போடாத ரஃப் கட்டையும் காட்டிக் கேளுங்கள் என்கிறேன். ரெண்டர் செய்து, நிறம் திருத்தி, டைட்டில் அனிமேஷன் எல்லாம் முடித்த பிறகு வரும் கருத்தை யாரும் மனசார ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், வாதாடத்தான் செய்வார்கள்.

மைத்துளி
போஸ்டருக்கு வருகிறேன். ஈரக்குடை, தனிச்செய்தியில் நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். டேப் ரிக்கார்டர் மேல் ஒரு நரைத்த கை, பின்னால் மங்கலாகப் பேத்தி, மேலே கீறல் விழுந்த எழுத்தில் தலைப்பு, எல்லாம் நீலக் கறுப்பு. பார்த்தவுடன் எனக்கும் பேய்ப்படம்தான் தோன்றியது. அந்தக் கீறல் எழுத்துரு ஒன்றே போதும், அது திகில் படத்தின் சீருடை. அதைவிட, கீறலில் ‘ி’ எது ‘ீ’ எது என்றே தெரியவில்லை, தலைப்பையே தப்பாகப் படித்தேன்.

ஐந்து நொடி காட்டி மறைத்துவிடுங்கள். என்ன பார்த்தீர்கள், தலைப்பு என்ன, என்ன மாதிரிப் படம் என்று கேளுங்கள். தலைப்பை ஐந்து பேரில் இரண்டு பேர் தப்பாகச் சொன்னால் வேறு எந்தக் கருத்தும் கேட்கத் தேவையில்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிக் கைபேசியில் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பார்க்கப்போவது அந்த அளவில்தான். கீழே வரிசையாக வரும் பெயர்ப் பட்டியலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது படிப்பதற்காக வைப்பதில்லை, இது போஸ்டர் என்று கண் உணர்வதற்காக.

மூன்று மாதிரியைப் பக்கம் பக்கமாக வைத்து “எது பிடிக்கிறது” என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்தில் வைத்தவுடன் எல்லாரும் வடிவமைப்பு நடுவர் ஆகிவிடுவார்கள், பளிச்சென்று இருப்பது ஜெயிக்கும். சுவரில் ஒட்டிய போஸ்டருக்குப் பக்கத்தில் அதன் மாற்று வடிவம் ஒட்டியிருப்பதில்லை. ஓர் ஆளுக்கு ஒரு போஸ்டர்.

வளைகோடு
யூடியூபில் பட்டியலிடப்படாத இணைப்பாக ஏற்றிவிட்டு, அனலிட்டிக்ஸில் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தைப் பாருங்கள், எந்த நொடியில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று தெரியும். திரும்பப் பார்த்த இடத்தில் கோடு மேலே ஏறும், நூறு சதவீதத்தையும் தாண்டலாம். அதை ‘இங்கே பிடித்திருக்கிறது’ என்று படிக்காதீர்கள், புரியாமல் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் ஏறும். பார்வைகள் ரொம்பக் குறைவாக இருந்தால் வரைபடம் வராமலும் போகலாம்.

கைவசம் பத்துப் பேர்தான் என்றால் அதைவிட நல்ல வழி, பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்ப்பது. திரையைப் பார்க்காதீர்கள், அது உங்களுக்கு மனப்பாடம். எந்த நொடியில் கண் நகர்ந்தது, எப்போது கைபேசியை எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வாயைத் திறந்து விளக்கம் கொடுக்கக் கூடாது. “அது வந்து, அங்கே என்ன நினைத்தோம் என்றால்…” என்று ஆரம்பித்தால் அந்த ஆள் அவ்வளவுதான், இனிமேல் நீங்கள் சொன்னதையே உங்களிடம் திருப்பிச் சொல்வார்.

ஈரக்குடை
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி கதை கேட்கும் சோதனையைப் புது ஆட்களிடம் செய்து பார்த்தோம், இதுவரை டீசரைப் பார்க்காத வேறு துறை மாணவர்கள். பாதிக்கு மேல் “செத்துப்போன தாத்தாவின் ஆவி கேசட் வழியாகப் பேசுகிறது” என்கிறார்கள். ஒருவர் மட்டும் “அந்தப் பெண் தாத்தாவைப் பற்றித் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள்” என்றார், அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

எங்கே பேய் வந்தது என்று கேட்டதும் எல்லாரும் ஒரே இடத்தைக் காட்டினார்கள். 18-ஆவது நொடியில் ப்ளே பட்டன் தானாகக் கீழே இறங்குகிற மாதிரி ஒரு ஷாட். நிஜத்தில் அது அவள் விரல் அழுத்துவதுதான், நெருக்கமாக ஃப்ரேம் வைத்ததில் விரல் வெளியே போய்விட்டது. அதற்கு முன்னால் ஒரு வினாடி இருட்டு வேறு.

இப்போது புதுச் சண்டை: குழுவில் ஒருவர், “பேய் என்று நினைத்தால் நினைக்கட்டுமே, அதனால்தானே க்ளிக் செய்கிறார்கள்” என்கிறார்.

தனிவழி
அவர் சொல்வதில் தப்பென்ன? டீசரின் வேலை ஆளைக் கூட்டுவது.

மைத்துளி
கூட்டிய பிறகு? பேய் வரும் வரும் என்று கடைசிவரை காத்திருப்பவர், தாத்தா யாரிடம் பேசினார் என்று தெரியும் காட்சியைக் கவனிக்கவே மாட்டார். நல்ல படத்தையும் ஏமாற்றம் என்றுதான் வெளியே போய்ச் சொல்வார். திகில் ரசிகரை இழப்பீர்கள், குடும்பக் கதை பார்ப்பவர் வந்திருக்கவே மாட்டார்.

எடிட்_மேசை
இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. முதலில் முழுப் படத்தையும் காட்டுங்கள், அப்புறம் டீசரைக் காட்டி “இது அந்தப் படத்துக்கான டீசர்தானா” என்று கேளுங்கள். டீசரை மட்டும் பார்த்தவர்கள் ஒரு கூட்டம், படத்தைப் பார்த்துவிட்டு டீசரைப் பார்த்தவர்கள் ஒரு கூட்டம். முதல் கூட்டம் ஆர்வமாகி, இரண்டாவது கூட்டம் முகம் சுளித்தால் டீசர் பொய் சொல்கிறது. இரண்டாவது கூட்டம் தலையாட்டி, முதல் கூட்டம் கொட்டாவி விட்டால், டீசர் உண்மையைச் சொல்கிறது, ஆனால் சுவாரசியமில்லாமல் சொல்கிறது. மாணவர் வேலைகளில் இந்த இரண்டாவது கூட்டத்தை யாரும் கேட்பதே இல்லை.

விரல் ஷாட்டுக்கு மாற்று டேக் இருக்கிறதா?

ஈரக்குடை
இருக்கிறது, விரல் தெரிகிற டேக். கொஞ்சம் ஃபோகஸ் நழுவும்.

எடிட்_மேசை
நழுவட்டும். அதைப் போடுங்கள்.

திருத்தும்_மை
இப்படிப்பட்ட அறிக்கைகளை மதிப்பிடும் இடத்தில் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீளமாக.

வண்ண வண்ண வட்ட வரைபடம் வைத்து “75% பேருக்குப் பிடித்தது” என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 20 பேரிடம் கேட்டால் ஓர் ஆள் என்பது 5%, ஒருவர் மனம் மாறினால் உங்கள் புள்ளிவிவரம் மாறிவிடும். ‘20 பேரில் 15 பேர்’ என்றே எழுதுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதியதைச் சிலர் எடுத்துப் போடுவார்கள். அவர் சொன்னது இணையதளம் மாதிரியானவற்றில் பயனர் எங்கே திணறுகிறார் என்று கண்டுபிடிக்க. குழப்பமான இடத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்கும் அது உதவும். எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்று கணிக்க உதவாது.

நான் தேடுவது இதுதான்: வந்த கருத்து (அவர்கள் வார்த்தையிலேயே), அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், என்ன செய்தீர்கள், செய்த பிறகு புது ஆட்களிடம் என்ன ஆனது. பழைய ஃப்ரேமும் புது ஃப்ரேமும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். ஏற்காத கருத்தையும் எழுதுங்கள், ஏன் ஏற்கவில்லை என்பதோடு. பேயின் முகத்தைக் காட்டச் சொன்னதை நீங்கள் மறுத்த விதத்துக்கு, கேட்டதையெல்லாம் செய்த குழுவைவிடக் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ஊடகம் அனுப்பும் அர்த்தத்தைப் பார்வையாளர் எப்படி வாசிக்கிறார் என்பது பற்றிப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் எழுதிய 1973 கட்டுரையை எல்லாரும் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைப்பார்கள், வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் குடும்பக் கதையாக அனுப்பியதை அவர்கள் ஆவிக் கதையாக வாசித்தார்கள். இதை ‘எதிர்ப்பு வாசிப்பு’ என்று எழுதிவிடாதீர்கள், ஹால் சொல்லும் எதிர்ப்பு வாசிப்பில் அனுப்பியவரின் அர்த்தம் பார்வையாளருக்குப் புரிந்திருக்கும், புரிந்தேதான் மறுப்பார். இங்கே அர்த்தம் போய்ச் சேரவே இல்லை, இருட்டும் கீறல் எழுத்தும் வேறொரு வகைப் படத்தின் குறிகள். அந்த வித்தியாசத்தைப் பிடித்து எழுதினாலே போதும்.

பார்ப்பவர்களின் முகத்தைப் படம்பிடித்தால் முன்கூட்டி அனுமதி வாங்குங்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம். அறிக்கையில் பெயர் வேண்டாம், ‘பார்வையாளர் 1, 2’ போதும்.

கடைசி_வரிசை
சமூக ஊடகப் பக்கத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே.

வளைகோடு
பேச அதிகமில்லை. லைக்கை எண்ணாதீர்கள், பின்னூட்டத்தில் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். “எப்போது ரிலீஸ்” என்று கேட்டால் மரியாதை. “தாத்தா யாரிடம் பேசுகிறார்” என்று கேட்டால் ஆள் சிக்கிவிட்டார்.

ஈரக்குடை
இப்போதைய நிலவரம். விரல் தெரியும் டேக்கைப் போட்டுவிட்டோம், இருட்டு வினாடியை எடுத்துவிட்டோம். தாத்தா கேசட்டில் சிரிக்கிற ஒரு துண்டைச் சேர்த்தோம், சிரிப்பு வந்ததும் டீசரின் நிறமே மாறிவிட்டது. புது ஆட்களிடம் காட்டியதில் ஆவி என்றவர் ஓரிருவர்தான். “யாரோ ஒரு பழைய காதலி” என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை, ஆனால் கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது, அதனால் அப்படியே விடுகிறோம். பேஸை ஒலிப்பெட்டி சொன்னபடி குறைத்தோம், இசை பற்றிப் புகார் நின்றுவிட்டது. ஒலி அணைத்துப் பார்ப்பவர்களுக்காக தாத்தாவின் வசனம் எழுத்தில் வருகிறது, எதிரில் பேசுபவரின் முறை வரும்போது வெறும் கோடு.

போஸ்டர் எழுத்துருவை மாற்றியாயிற்று. நீலக் கறுப்பை விட மாட்டேன் என்று எங்கள் ஒளிப்பதிவாளர் பிடிவாதம். படமே அந்த நிறத்தில்தான் இருக்கிறது, போஸ்டரில் மட்டும் மஞ்சள் போட்டால் அதுவும் பொய்தானே என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மைத்துளி
அவர் சொல்வது நியாயம். நிறத்தை விட்டுவிடுங்கள், பேத்தியின் முகத்தை மட்டும் கொஞ்சம் தெளிவாகக் கொண்டுவாருங்கள். மங்கலாக நிற்கும் உருவம்தான் பயமுறுத்துகிறது, நீலம் இல்லை. ஐந்து நொடிச் சோதனையை மறுபடி செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசி_வரிசை
டீசர் இணைப்பை இங்கேயும் போடுங்கள் தம்பி, நாங்களும் கருத்து சொல்கிறோம்.

ஈரக்குடை
தம்பி இல்லை, தங்கை 🙂 சமர்ப்பித்த பிறகு போடுகிறேன். இந்த இழையைப் படித்த எல்லாருக்கும் கதை தெரிந்துவிட்டது, இனிமேல் நீங்கள் இரண்டாவது கூட்டம்.

ஒலிப்பெட்டி
அந்த இரண்டாவது கூட்டம் முழுப் படத்தைப் பார்த்தவர்கள். அதற்கு முதலில் படத்தை அனுப்ப வேண்டும். அனுப்புங்கள், ஹெட்போனோடு தயாராக இருக்கிறேன்.